சாப்பாட்டுப் பை மாட்டும் கொக்கி

என் வீட்டுக்காரர் எதையும் உள்ளங்கையால் தொட்டுப் பார்க்கமாட்டார். புறங்கைதான். டீ டம்ளரானாலும் சரி, காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியானாலும் சரி, கையைத் திருப்பி நாலு விரல்களின் முதுகையும் ஒரு கணம் அதன்மேல் வைத்து எடுப்பார். கல்யாணத்துக்கு முன்னால் முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்தபோது, என் அம்மா நீட்டிய டம்ளரையும் அப்படித்தான் தொட்டுப் பார்த்தார். அவர் படியிறங்கியதும் அம்மா என்னிடம், "ரொம்பச் சுத்தம் பார்க்கிற ஆளு போலிருக்கு. உன்னைப் பாடாய்ப் படுத்தப் போறாரு" என்றாள்.

இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. ஒன்றும் படுத்தவில்லை. அவர் பார்த்தது சுத்தம் இல்லை, சூடு. ஸ்பேனர் பிடித்துப் பிடித்து உள்ளங்கை காய்த்துவிட்டது, அதற்குக் கொதிக்கிறதும் தெரியாது, குளிர்கிறதும் தெரியாது, புறங்கைக்குத்தான் இன்னும் உயிர் இருக்கிறது என்பார். பட்டறையில் அவருக்குப் பேரே 'புறங்கை' என்றுதான்.

அது கப்பல் பழுது பார்க்கும் பட்டறை. அவர் அங்கே குழாய் ஃபிட்டர். கப்பலுக்குள் கடல் தண்ணீர் ஓடும் குழாய்கள்தான் அவர் பொறுப்பு. கடலில் மிதக்கிற கப்பலுக்குள் எதற்குக் கடல் தண்ணீரை விட வேண்டும் என்று கல்யாணமான புதிதில் கேட்டேன். அன்றைக்கு அவர் சொன்ன விளக்கம் இரண்டு நாள் ஓடியது. நான் சுருக்கிச் சொல்கிறேன். இன்ஜின் ஓடினால் சூடாகும். அதைக் குளிர வைக்கக் கப்பலின் அடிவயிற்றில் ஒரு பெட்டி வழியாகக் கடல் தண்ணீரை இழுத்து, குழாய் குழாயாகச் சுற்றவிட்டு, கூலர் என்கிற குளிரூட்டிக்குள் அனுப்பி, மறுபடி கடலிலேயே கொட்டுகிறார்கள். அவ்வளவுதான். வம்பு என்னவென்றால், தண்ணீரோடு கண்ணுக்குத் தெரியாத சிப்பிக் குஞ்சுகளும் வந்துவிடும். குழாய்க்குள் இருட்டு, கடித்துத் தின்ன மீன் இல்லை, சாப்பாடு வாசலுக்கே ஓடி வருகிறது. வாடகை கேட்கவும் ஆள் கிடையாது. எந்தச் சிப்பிதான் அப்படி ஒரு வீட்டை விடும்? ஒன்று ஒட்டும், அதன் முதுகில் இன்னொன்று ஒட்டும். வளர்ந்து உதிர்ந்து கூலரின் வாயை அடைத்ததும் இன்ஜின் கொதிக்கத் தொடங்கும்.

இதைத் தடுக்க அந்தப் பெட்டிக்குள் இரண்டு செம்புக் கட்டைகளை வைத்திருக்கிறார்கள். அவற்றில் லேசாகக் கரண்ட் விட்டால் செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து தண்ணீரோடு குழாயெங்கும் போகும். செம்பு கலந்த தண்ணீர் சிப்பிக் குஞ்சுக்கு ஆகாது, ஒட்டாமல் போய்விடும். ஆனால் ஒட்டுவதற்கு முன்னால்தான் இந்த மிரட்டல் எல்லாம். ஒட்டி வளர்ந்துவிட்ட சிப்பி ஓட்டை மூடிக்கொண்டு, பிடிக்காத விருந்தாளி கதவைத் தட்டும்போது நாம் இருப்பதுபோல, உள்ளே சத்தமில்லாமல் இருந்துவிடும்.

எனக்கு இவ்வளவும் தெரிந்ததற்குக் காரணம் அவர் பேச்சு பாதி, அவர் பேண்ட் பாக்கெட் பாதி. துவைக்கிறதற்கு முன்னால் பாக்கெட்டைத் திருப்பினால் சிப்பி ஓடுகள் விழும். முதல் வருஷம் அவற்றைத் தண்ணீரோடு கொட்டிவிட்டுக் குளியலறைச் சாக்கடையை அடைத்துக்கொண்டேன். குழாய் ஃபிட்டர் வீட்டிலேயே சிப்பி அடைப்பு என்று தெருவே சிரித்தது. அதிலிருந்து ஒரு பெரிய கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, சமையலறை ஜன்னலில் வைத்துவிட்டேன்.

அவர் ஞாபகமறதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். குடையை மறப்பார், மூக்குக் கண்ணாடியை மறப்பார். எங்கள் மகள் சின்னவளாக இருந்தபோது அவளையே ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் மறந்துவிட்டு வந்தார். ஆனால் நான் கட்டிக் கொடுக்கும் நீலத் துணிச் சாப்பாட்டுப் பையை ஒருநாள்கூட எங்கேயும் விட்டுவிட்டு வந்ததில்லை. காலையில் கனமாகப் போகும், மாலையில் காலியாக வரும். "என்னைப் பையில போட்டு அனுப்பியிருந்தா பத்திரமா வந்திருப்பேன்" என்று மகள் இன்னமும் குத்திக்காட்டுவாள்.

போன வருஷம் பின்பக்கப் படியில் சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்தேன். இடது மணிக்கட்டு உடைந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரம்மா பட்டறைக்குப் போன் செய்தார். நான் ஆஸ்பத்திரிக்குப் போன கால் மணி நேரத்தில் அவர் வந்துவிட்டார். முகமெல்லாம் கிரீஸ், நெற்றியில் வெல்டிங் கண்ணாடி, கையில் சாப்பாட்டுப் பை. நர்ஸம்மா, "நோயாளிக்குச் சாப்பாடா? இப்போ குடுக்கக் கூடாது" என்றார். அது காலிப் பை என்று சொல்ல அவருக்கு வெட்கம். என் கையில் போட்ட மாவுக்கட்டைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, "சூடா இருக்கே" என்று பதறினார். மாவுக்கட்டு இறுகும்போது அப்படித்தான் சூடாகும் என்று டாக்டர் அவரைத்தான் முதலில் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது.

பன்னிரண்டு நாள் லீவு போட்டு வீட்டில் இருந்து சமைத்தார். மகள் முதல் நாள் சாப்பிட்டுவிட்டு, "அப்பா, குழம்புல சூடு மட்டும் சரியா இருக்கு" என்றாள்.

மாவுக்கட்டைப் பிரித்துக் கை பழையபடி துணி பிழியப் பழகிக்கொண்டிருந்த நேரம். அக்கரைக்கு ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிப் போகும் கப்பல் ஒரு திங்கட்கிழமை நடுவழியில் இன்ஜின் கொதித்து, ஊர்ந்து ஊர்ந்து கரை சேர்ந்தது. பயணிகள் திட்டித் தீர்த்துவிட்டார்களாம். கப்பலைப் பட்டறைக்குக் கொண்டுவந்து குழாயைக் கழற்றினால், வளைவுக்கு வளைவு சிப்பி. கூலர் வாயில் கைப்பிடி கைப்பிடியாக ஓடு.

ஆனால் அதே கப்பல் ரெண்டு மாசத்துக்கு முன்னால்தான் மூன்று வாரம் பட்டறை மேடையோரம் தண்ணீரில் கட்டிக் கிடந்து பழுது பார்க்கப்பட்டது. அப்போது எல்லாக் குழாயையும் திறந்து சுத்தம் செய்ததாகக் கையெழுத்துப் போட்டவர் என் வீட்டுக்காரர். செம்புக் கட்டையில் கரண்ட் ஓடுகிறதா என்று தினமும் மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டியவர் எலக்ட்ரீஷியன். பத்து வருஷமாக மதியம் இவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர், என் கைச் சமையலைப் பாதி தின்றவர். அவர் நோட்டில் ஒரு நாள் விடாமல், முள் நிற்க வேண்டிய 'அஞ்சு' என்றே எழுதியிருந்தது. கரண்ட் சரியாக ஓடியிருக்கிறது, சிப்பியும் இருக்கிறது என்றால் குழாயை யாரோ சுத்தம் செய்யாமலே கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்றுதானே அர்த்தம்.

பட்டறைக்குப் புதிதாக வந்திருந்த இன்ஜினியரம்மா கத்தவில்லையாம். அதுதான் என் வீட்டுக்காரருக்குத் தாங்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் காரணம் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் இனி அவர் கையெழுத்தைக் குழாய் வேலைக்கு எடுத்துக்கொள்ள முடியாது, ஸ்டோருக்கு மாற்ற வேண்டியிருக்கும் என்று மெதுவாகச் சொன்னாராம்.

"ஸ்டோருல உட்கார்ந்து நட்டும் போல்ட்டும் எண்ணிக் குடுக்கணுமாம்" என்றார் என்னிடம். "அதெல்லாம் ஒரே சூட்டுலதான் இருக்கும்." அன்றைக்கு டம்ளரைத் தொட்டுப் பார்க்காமலே குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

வியாழக்கிழமை மாலை அவருடைய வேலை உடுப்பை ஊறப்போடப் பாக்கெட்டைத் திருப்பினேன். இரண்டு கை நிறைய அந்தக் கப்பலின் ஓடு. பாட்டிலில் இடம் போதாது என்று ஒரு தட்டில் கொட்டினேன். கொட்டியதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஏதோ உறுத்தியது. என்னவென்று உடனே பிடிபடவில்லை. பாட்டிலை எடுத்துப் பழைய ஓடுகளைப் பேப்பரில் கவிழ்த்தேன். அதில் அரிசி அளவு, நகம் அளவு, விரல் நீளம் என்று எல்லாம் கலந்து கிடந்தன, ஒரு குடும்பமே குடி இருந்த மாதிரி. தட்டில் இருந்தவையோ எல்லாம் கட்டைவிரல் நகம் அளவு. சிறுசும் இல்லை, பெருசும் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்புப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினதுபோல இருந்தன.

அவரைக் கூப்பிட்டேன். "என்னங்க, இது எல்லாம் ஒரே அளவா இருக்கே."

"சிப்பின்னா அப்படித்தான்" என்று அவர் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"பாட்டில்ல இருக்கிறது அப்படி இல்லையே."

எழுந்து வந்தார். கண்ணாடியைத் தேடினார், கிடைக்கவில்லை, மகளின் கண்ணாடியைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டார். தட்டையும் பேப்பரையும் மாறி மாறிப் பார்த்தார். நாலு நாளுக்குப் பிறகு அப்போதுதான் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

"நான் சுத்தம் பண்ணாம விட்டிருந்தா இதுல பெருசும் இருந்திருக்கணும். ஒண்ணுகூட இல்ல பாரு" என்றார். "குழாய் காலியாத்தான் இருந்திருக்கு. ஏதோ கொஞ்ச நாள் மட்டும் செம்பு ஓடல. அந்த நேரத்துல எல்லாம் ஒண்ணா வந்து உட்கார்ந்துருச்சு. மாட்டினான் எலக்ட்ரீஷியன். அஞ்சாம், அஞ்சு."

கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தார். மகளின் முதுகில் தட்டினார். நான் ஒரு ஓட்டை எடுத்து அது எவ்வளவு நாள் வளர்ந்திருக்கும் என்று கேட்டேன். நகத்தோடு வைத்துப் பார்த்து, ரெண்டு மாசம், அதற்கு மேலே ஒரு வாரம் இருக்கலாம் என்றார்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான், ஆனால் வாரம் எண்ணத் தெரியும். வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாமா என்று நினைத்தேன். பேசாமல் இருப்பது எனக்குப் புதிது இல்லை. அவர் கப்பல் பற்றி இவ்வளவு சந்தோஷமாகப் பேசி நாலு நாள் ஆகியிருந்தது. ஆனால் ஆஸ்பத்திரிச் சீட்டு அலமாரி டப்பாவிலேயே இருந்தது. இன்றில்லாவிட்டால் நாளை, தேதி யார் கண்ணிலாவது படும்.

"என் கை உடைஞ்சு நாளையோட ஒன்பது வாரம்" என்றேன்.

"அதுக்கென்ன?"

"அன்னைக்கு நீங்க என்ன வேலை பார்த்துட்டு இருந்தீங்க?"

அவர் புறங்கையைத் தன் நெற்றியிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார். அதே கப்பலில், கடல் தண்ணீர் வரும் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு குழாய்த் தாங்கியை வெல்டிங் செய்துகொண்டிருந்திருக்கிறார். வெல்டிங் செய்யும்போது செம்புக் கரண்டை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மீட்டர் பெட்டி கெட்டுவிடும்.

"நான்தான் அணைச்சேன்" என்றார்.

"திரும்பப் போட்டீங்களா?"

"உன் கை உடைஞ்சிருச்சுன்னு போன் வந்துச்சு."

"பையை மட்டும் எடுத்துட்டு வந்தீங்க" என்றேன்.

அந்த வெல்டிங்குக்குக் கூட நின்ற ஆள் வேறு ஊருக்கு வேலை மாறிப் போய்விட்டான். இவர் அணைத்ததைப் பார்த்தவர் வேறு யாரும் இல்லை. மகள் அதைத்தான் சொன்னாள். சிப்பியைக் காட்டினாலே அப்பாமேல் தப்பு இல்லை என்று ஆகிவிடும், அணைத்தது யார் என்று யாரும் கேட்கப்போவது இல்லை, எலக்ட்ரீஷியன் மாமா பார்த்துக்கொள்வார் என்றாள். இவர் ரொம்ப நேரம் ஓடுகளைப் பெருசு சிறுசாகப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், ஒரே அளவு ஓடுகளை எப்படிப் பிரிப்பார் என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசியில், "எதனாலன்னு சொல்லாம குழாயை மூடினா, அடுத்த வெல்டிங்குக்கும் இதேதான் நடக்கும். முன்னூறு பேர் போற கப்பல்" என்றார். பிறகு இரண்டு முட்டை கேட்டுச் சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். வாசல் வரை போய், திரும்பி வந்து, சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனார். கொண்டுபோய்க் காட்டுவதற்காக ஒரே அளவு ஓடுகளைப் போட்டு வைத்த ஜாம் பாட்டில் மேசைமேலேயே இருந்தது. மகள் அதைப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். அவளுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. நான்தான் போக வேண்டும்.

அந்தப் பட்டறை வாசலுக்கு உள்ளே நான் அதுவரை போனதே இல்லை. பஸ்ஸில் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு போனேன், பக்கத்தில் இருந்த அம்மா என்ன ஊறுகாய் என்று கேட்டார். வாசல் காவலாளியிடம் புறங்கையின் வீட்டுக்காரி என்று சொல்லி உள்ளே போனேன். இரும்புப் படி ஏறி மேலே போனால் ஒரு கண்ணாடி அறை. கீழே பட்டறை முழுக்கத் தெரிந்தது. மேசையில் கெட்டில், விரல் ரேகை படிந்த வரைபடங்கள், ஒரு பக்கம் சாய்ந்துபோய்த் தடக் தடக் என்று ஆடும் ஃபேன். இன்ஜினியரம்மா, எலக்ட்ரீஷியன், இன்னும் இரண்டு பேர். நான் கதவோரம் நின்றேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தார். அணைத்தது தான்தான் என்பதையும் சொல்லிவிட்டார் என்று அவர் காது சிவந்திருந்ததிலிருந்தே தெரிந்தது.

"எல்லாம் ஒரே அளவுன்னீங்களே, எங்கே அது?" என்று இன்ஜினியரம்மா கேட்டார்.

அவர் பைக்குள் கையை விட்டார். சாப்பாட்டு டப்பா வந்தது. மறுபடி கையை விட்டார். தண்ணீர் பாட்டில் வந்தது. அறையில் சிரிப்பு கிளம்பியது. நான் கதவோரத்திலிருந்தே கையை நீட்டி ஜாம் பாட்டிலைக் கொடுத்தேன்.

இன்ஜினியரம்மா ஓடுகளை வரைபடத்தின்மேல் கொட்டி, ஒரு அளவுகோலை எடுத்து ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். பதினைந்து, இருபது ஓடு பார்த்திருப்பார். பிறகு எலக்ட்ரீஷியனின் நோட்டைத் திருப்பினார். நான் விழுந்த தேதிக்கு எதிரே அஞ்சு. மறுநாள் அஞ்சு. அதற்கடுத்த நாளும் அஞ்சு.

"அணைச்சு வச்சிருந்த நாள்லயும் அஞ்சா?"

எலக்ட்ரீஷியன் ஃபேனைப் பார்த்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அப்புறம் அவர் சொன்னார். எப்போது பார்த்தாலும் அஞ்சாகவே இருந்ததால் உட்கார்ந்த இடத்திலிருந்தே எழுதப் பழகிவிட்டாராம். பதினோராம் நாளோ பன்னிரண்டாம் நாளோ அந்தப் பக்கம் மறந்துவைத்த குடையை எடுக்கப் போனபோதுதான் முள் பூஜ்யத்தில் நிற்பதைப் பார்த்தாராம். சுவிட்சைப் போட்டுவிட்டு யாரிடமும் மூச்சு விடவில்லை.

"பழி உங்கமேல வந்து விழும்னு நினைக்கல அண்ணே" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார். "விழுந்த பிறகு சொல்ல வெட்கமா இருந்துச்சு."

"இந்த லட்சணத்துல என் சோத்துல பாதி தின்னுருக்கே" என்றார் இவர். அவ்வளவுதான் சண்டை.

இனி இப்படி ஆகாமல் இருக்க என்ன செய்வது என்று பேச்சு வந்தது. பூட்டுப் போடலாம் என்றார் ஒருவர். சாவியை மறப்பார்கள். சிவப்புப் பலகை மாட்டலாம் என்றார் இன்னொருவர். பலகையை மாட்டவே மறப்பார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு, எனக்கே கேட்காத குரலில், "இவர் எதை மறந்தாலும் சாப்பாட்டுப் பையை மறக்கமாட்டாரு" என்றேன்.

"என்ன சொன்னீங்கம்மா?"

இரண்டாவது தடவை சொல்வதற்குள் வியர்த்துவிட்டது. அணைக்கிறவர் தன் பையைச் சுவிட்சின் மேலேயே மாட்டிவிட்டு வேலை பார்க்கட்டும், பையை எடுக்கப் போனால் சுவிட்ச் கண்ணில் படும் என்றேன். முதலில் எலக்ட்ரீஷியன்தான் சிரித்தார். இன்ஜினியரம்மா சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார்.

"அங்க ஒரு கொக்கி வெல்டு பண்ணிடுங்க. இன்னைக்கே" என்று இவரிடம் சொன்னார். "முதல்ல அணைச்சுட்டு."

கீழே போனோம். நானும் எப்படியோ அவர்கள் பின்னால் கப்பலுக்குள் இறங்கிவிட்டேன். இவர் சுவிட்சை அணைத்தார். பையை மாட்டப் போனார். கொக்கியைப் போடத்தானே வந்திருக்கிறோம், கொக்கி இன்னும் இல்லை. பையைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். இன்ஜினியரம்மா கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். வெல்டிங் முடியும்வரை நீலப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவிட்சின் முன்னால் நின்றார். முடிந்ததும், இவர் சுவிட்சைப் போட்டு, முள் அஞ்சுக்கு வந்த பிறகுதான் பையைத் திருப்பிக் கொடுத்தார்.

குழாய்களின் வால்வுகளை மூடி நல்ல தண்ணீரை நிரப்பி நாலைந்து நாள் விட்டார்கள். உப்பில்லாத தண்ணீரில் சிப்பி ரொம்ப நாள் தாங்காது. மிச்சம் ஒட்டியிருந்ததைக் கம்பி விட்டுச் சுரண்டினார்கள். இரண்டு பேருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஸ்டோர் பேச்சு அப்புறம் வரவில்லை. சோதனை ஓட்டத்தில் கூலரிலிருந்து வெளியே போகும் குழாயில் இவர் புறங்கையை வைத்து முப்பத்தெட்டு டிகிரி என்றாராம். மீட்டர் முப்பத்தொன்பது காட்டியதாம். மீட்டரைச் சரிபார்க்கச் சொன்னேன் என்று வீட்டில் வந்து பெருமையடித்துக்கொண்டார்.

இது நடந்து பதினோரு மாதம் ஆகிறது. அந்தக் கப்பல் தினமும் ஆறு தடவை அக்கரைக்குப் போய் வருகிறது. போன மாதம் குழாயைத் திறந்து பார்த்தார்கள், சிப்பி இல்லை. பட்டறைக்கு வரும் எல்லாக் கப்பலிலும் இப்போது சுவிட்சுக்கு மேலே ஒரு கொக்கி இருக்கிறது. மீட்டர் பக்கத்தில் ஒரு பென்சிலைக் கயிற்றில் கட்டிவிட்டிருக்கிறார்கள், எலக்ட்ரீஷியன் அங்கே போய்த்தான் எழுத வேண்டும். நான் இரண்டு பேருக்கும் சேர்த்தே சாப்பாடு கட்டுகிறேன். என் மணிக்கட்டு மழைக்கு முன்னால் கொஞ்சம் வலிக்கும், மற்றபடி நன்றாக இருக்கிறது. ஜன்னலில் இருக்கும் பாட்டிலில் புதிதாக ஒரு ஓடும் சேரவில்லை.